மூழ்கிய கப்பலைச் சொளவில் புடைத்த கதை

எங்கள் கன்னியாகுமரி மாவட்டப் பக்கம் கப்பல் உடைந்தது என்றால் அதற்கு ஒரு பாறை இருக்கும். முட்டத்தில் கலங்கரை விளக்கம் நிற்பதே அந்தப் பாறைகளுக்குப் பயந்துதான். ஆனால் 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது கேரளக் கடலில், எங்கள் கரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன கப்பல், 640 கன்டெய்னர்கள். ஆட்கள் 24 பேரும் பிழைத்தார்கள். நல்லவேளை என்று டிவியை அணைத்துவிட்டோம்.

அந்த மாதம் முடிவதற்குள் கேரள எல்லையில் இருக்கும் நீரோடியிலிருந்து இந்தப் பக்கம் கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக மணிகள். ஜவ்வரிசி என்றே நினைத்தேன். நசுக்கினால் நசுங்கவில்லை. குடமும் வாளியும் செய்ய உருக்குகிற பிளாஸ்டிக் குருணை அது. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தெற்கே இழுக்கும், அந்தக் கப்பலிலிருந்து அதோடு மிதந்து வந்துவிட்டது. கப்பலில் 12 கன்டெய்னர் கார்பைடு கல்லும் உண்டு, தண்ணீர் பட்டால் எரியும் வாயு கிளம்பும் என்றதால் முதல் நாள் யாரும் கிட்டப் போகவில்லை.

அப்புறம் கையுறை வந்தது, சாக்கு வந்தது. எப்படிப் பொறுக்குவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நான் குத்தவைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மதியத்துக்குள் ஒரு சிரட்டை நிறைந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "மக்களே, இப்பிடிப் பொறுக்கினா கிறிஸ்மசுக்கும் தீராது" என்றார்.

மறுநாள் கொத்தனார் மணல் சலிக்கும் அரிப்பைக் கொண்டு வந்தோம். காய்ந்த மணல் என்றால் சரி. மழை பெய்த மணல் அரிப்பின் கண்ணில் அடைத்துக்கொண்டு இறங்கவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது வாளிதான். அரை வாளி கடல் தண்ணீர், அதில் இரண்டு கை மணல், ஒரு கலக்கு. மணல் அடியில் போகும், மணிகள் மேலே வரும். கொசுவலைத் துண்டால் அரித்து எடுத்தால் கூடவே பாசி, சகிரித்தும்பு என்கிற தேங்காய் நார், மரத்தூள் எல்லாம் வரும். வெயிலில் காயவைத்து, பாட்டியின் சொளவில், அதாவது முறத்தில், புடைத்தால் தும்பு பறந்து மணி மட்டும் நிற்கும். புடைக்க எனக்கு வராது. காற்றுக்கு எதிராக நின்று முகத்தில் வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். பாட்டியே உட்கார்ந்தார்.

ஒரு தப்பு செய்தோம். நிறைந்த சாக்கைத் தூக்காமல் கல்லில் இழுத்தேன். அடி கிழிந்து, ஒரு நாள் வேலை கடலரிப்புக்குப் போட்ட பாறாங்கற்களின் இடுக்கில் போனது. அங்கே கை நுழையாது. அதன் பிறகு சாக்குக்குள் சாக்கு போட்டு, பாதிக்கு மேல் நிரப்பவில்லை. பாசியும் குப்பையும் ஒதுங்கும் வரிசையைப் பார்த்து, கடல் ஏற்றம் அதைத் தொட்டு இறங்கிய கையோடு அள்ள வேண்டும் என்பதும் தாமதமாகத்தான் புரிந்தது. விட்டால் அடுத்த அலை மணலால் மூடிவிடும்.

ஜூன் முழுக்க இதே வேலை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆகவே ஆளுக்குக் குறைவில்லை. வள்ளத்தில் போய் வந்த கொஞ்சம் சாளை மீனைத்தான் வாங்க ஆள் இல்லை. "மீன் வயிற்றில் பிளாஸ்டிக் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு நடந்துவிடுவார்கள்.

ஆடிக் கடல் அடித்த மறுநாள் போய்ப் பார்த்தேன். பாறாங்கல் இடுக்கிலிருந்து மூன்று கைப்பிடி வெளியே வந்து கிடந்தது. அள்ளிக்கொண்டு, சொளவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அரிசிக்கு நான் வேற வாங்கியாச்சு. அது உனக்கு இன்னும் வேணும்" என்றார் பாட்டி.