பேட்டரி டிக்கிக்குள், டிக்கியின் பூட்டு பேட்டரியின் கையில், கூழ் அம்மனுக்கு

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டர்பன் சாட்ஸ்வொர்த்தில், ஹிக்கின்சன் ஹைவேயை விட்டு இறங்கியதும் வந்த ரோபோட்டில் என் கார் உயிரை விட்டது. ரோபோட் என்றதும் ரஜினி படத்தை நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர். வந்த புதிதில் "அடுத்த ரோபோட்டில் லெஃப்ட் திரும்பு" என்று ஒருவர் வழி சொல்ல, நான் நிஜமாகவே ரோட்டோரம் பொம்மை எதாவது நிற்கிறதா என்று தேடிக்கொண்டே போனவன்.

கார் என்ன கார் என்று கேட்பீர்கள். 2006 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். கேட்கத்தான் பெரிதாக இருக்கும். பதினாறு வயதுக் காரைப் பாதி விலைக்கும் கீழே வாங்கினேன். இரண்டே சீட். இரண்டு பிள்ளை பெற்றவன் இரண்டு சீட் கார் வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. "இதுல அரிசி மூட்டையை எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. அன்றிலிருந்து நான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்று வண்டியில் இருந்தது அரிசி மூட்டை இல்லை. பக்கத்து சீட்டில் எதிர்வீட்டு ஆயா. முன் டிக்கியில் ஆயா காய்ச்சிய கூழ், ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் நிறைய, மூடி மேல் துணி கட்டி. மாரியம்மன் கோயிலில் அன்று கூழ் ஊற்றும் நாள். கேழ்வரகுக்குப் பதில் இங்கே மக்காச்சோள மாவு. ராத்திரியே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். ஆயாவின் மகன் வெளியூர் போயிருந்ததால் நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பின்னாலும் ஒரு டிக்கி உண்டு. ஆனால் இந்தக் காரில் இன்ஜின் நடுவில், அதாவது நம் முதுகுக்குப் பின்னால். பின் டிக்கி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். "அங்க வெச்சா இன்னும் புளிச்சிடும் தம்பி" என்று ஆயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி என்று முன்னால் வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளாகவே டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்கவில்லை, வண்டி பேட்டரியில் இருக்கும் மிச்சத்தைத் தின்று ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். எனக்கும் தெரியும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ரோபோட்டில் சிவப்பு விழுந்து பிரேக் போட்டேன், பிரேக் லைட்டோடு எல்லாம் அணைந்தது. ஹசார்ட் விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, கண்ணாடி இறங்கவில்லை. இந்த நாட்டின் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டுக்குப் பழகியவன் நான், ஆனால் காருக்குள் பார்த்தது அன்றுதான்.

நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வேலை ஆயாவை வெளியே எடுப்பது. எழுபத்தெட்டு வயது, மூட்டு வலி, தரையோடு தரையாக இருக்கும் பள்ளமான சீட். ஏறும்போதே "என்ன தம்பி, படுத்துக்கிட்டு ஓட்டுற காரா?" என்று கேட்டவர். 1860-இல் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்ததிலிருந்து கப்பல் கப்பலாக இந்தக் கரும்புக் காட்டுக்கு வந்தவர்களின் வழி அவர். இன்றும் அவர் பேசும் தமிழில் எங்கள் ஊர்ப் பெரியவர்களே மறந்துபோன சொல் வந்து விழும். முதலில் இரண்டு காலையும் வெளியே வைக்கச் சொன்னோம். பிறகு இரண்டு கையையும் பிடித்து, அவசரப்படாமல், நேராக இழுத்தோம். பிறகு காரையும் அப்படியேதான் எடுத்தார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அதற்குள் கூட்டம் கூடி யோசனைகள் வர ஆரம்பித்தன. எங்கள் தெரு அங்கிள் தன் பாக்கியோடு வந்துவிட்டார். பாக்கி என்றால் கடன் இல்லை, பின்னால் திறந்த சரக்கு வண்டி. "கயிறு இருக்கு, கட்டி இழுத்துடலாம், கோயில் நாலு கிலோமீட்டர்தானே" என்றார். கயிறு கட்டி இழுக்க இங்கே சட்டமே உண்டு: இரண்டு வண்டிக்கும் நடுவே 3.5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. அது பரவாயில்லை. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்குப் பூஸ்டர் உதவி கிடையாது, ஸ்டீயரிங் கல்லாகிவிடும். சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும். இறக்கத்தில் அங்கிள் பிரேக் போட்டால், மூன்றரை மீட்டரில் நான் அவருடைய பாக்கிக்கு அடியில் போய் நிற்பேன். என் காரின் உயரத்துக்கு நிஜமாகவே அடியில்தான்.

அதோடு, கயிற்றை எங்கே கட்டுவது? இந்த மாதிரி காரில் முன்னால் கொக்கி வெளியே தெரியாது. பம்பரில் ஒரு சின்ன மூடி, அதைப் பெயர்த்தால் மறை போட்ட ஓட்டை, அதில் திருகி மாட்ட ஒரு இழுவைக் கொக்கி. கொக்கி எங்கே? டூல் கிட்டில். டூல் கிட் எங்கே? முன் டிக்கியில். முன் டிக்கி எப்படித் திறக்கும்? மின்சாரத்தில். பேட்டரி எங்கே? அதுவும் முன் டிக்கிக்குள். ஜெர்மன்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்று சொன்னவர் யார் என்று தெரியவில்லை. எப்படியோ, அம்மனுக்குக் கூழும் அதே சிறையில்.

இன்ஷூரன்ஸுக்கு ஃபோன் செய்தேன். "ஜஸ்ட் நவ் வருவாங்க" என்றது ஒரு இனிய குரல். வந்த புதிதில் இதற்கு நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். இங்கே 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போதே இல்லை; எப்போதாவது. 'நவ் நவ்' என்றால்தான் கொஞ்சம் சீக்கிரம். 'நவ்' என்று ஒற்றையாக யாரும் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை.

காத்திருக்கும்போதே அழைக்காத இரண்டு இழுவை லாரிகள் தானாக வந்து நின்றன. வண்டி ரோட்டோரம் நின்றால் மூக்கில் வியர்த்துவிடும் இவர்களுக்கு. ஒருவர் பேப்பரை நீட்டிக் கையெழுத்து கேட்டார். எவ்வளவு, எங்கே கொண்டுபோய் நிறுத்துவீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.

இன்ஷூரன்ஸ் அனுப்பிய முதல் வண்டி, முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வகை. அதன் இரும்புக் கை என் பம்பருக்கு அடியில் போகவே இல்லை. போயிருந்தாலும் முன்னால் தூக்கியதும் பின் பம்பர் தார் ரோட்டை முத்தமிட்டிருக்கும். இழுவை சக்தி பின் சக்கரத்தில் இருக்கும் காரை, அந்தச் சக்கரம் உருள உருள இழுப்பதும் நல்லதில்லை. ஓட்டுநர் சுற்றி வந்து பார்த்து, தலையை ஆட்டி, "இதுக்கு ரோல்பேக் வேணும்" என்றார். தட்டையான தளம் பின்னால் சரிந்து இறங்குமே, அந்த லாரி. ஃபோனிலேயே கார் தாழ்வானது, ரோல்பேக் அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது "சின்னக் கார்தான்" என்று.

முக்கால் மணி நேரம் கழித்து ரோல்பேக் வந்தது. ஓட்டுநர் ஜூலு இளைஞர், முப்பது வயது இருக்கும். "சாவுபோனா" என்று ஆயாவுக்கு வணக்கம் சொன்னார். ஜூலுவில் அது வணக்கம்தான். முதல் முறை கேட்டபோது யார் வீட்டில் சாவு என்று பதறியவன் நான். ஆயா சரளமாக ஜூலுவில் பதில் சொல்ல, அடுத்த இரண்டு நிமிடம் என்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்று சிரிப்பை வைத்தே தெரிந்தது.

அந்தத் தம்பி ஒன்றும் செய்யாமல் முதலில் ரோட்டில் படுத்தார். ஃபோன் டார்ச்சை அடித்து முன் பம்பரின் அடி, வயிற்றுப் பகுதி, பின் பம்பர் என மூன்றையும் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு டிரைவர் சீட் பக்கம் குனிந்தார். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் ஃப்யூஸ் பெட்டி மூடியைக் கழற்றி, உள்ளே மடங்கியிருந்த ஒரு முனையை வெளியே இழுத்தார். லாரி பேட்டரியிலிருந்து சிவப்பு வயர் அதற்கு, கறுப்பு வயர் கதவுப் பூட்டுக் கொண்டிக்கு. தொட்ட அடுத்த நொடி காரின் அலாரம் அலற ஆரம்பித்தது. சாலையே திரும்பிப் பார்த்தது. திருட்டுக் காரை ஏற்றுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். சாவியை எங்கே வைத்தேன் என்று நான் நாலு பாக்கெட்டையும் தேட, அது ஆயாவின் கைப்பையில் இருந்தது.

பட்டனை அழுத்த டிக்கி "டக்" என்று திறந்தது. கூடவே புளித்த வாசனை. துணி ஓரமெல்லாம் நனைந்திருந்தது, கார்ப்பெட்டில் ஒரு கை அளவு சிந்தியிருந்தது, மற்றபடி கூழ் பத்திரம். தம்பி மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. "அமாஹேவு!" என்றார். ஜூலு வீடுகளில் மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்துக் குடிக்கும் கூழ் அது. ஆயா "ஆமா, அதே மாதிரிதான், இது அம்மன் கூழ்" என்று தமிழிலேயே சொன்னார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அதே லாரி பேட்டரியை வைத்து ஸ்டார்ட் செய்து போய்விடலாமே என்றேன். ஆல்டர்னேட்டர் செத்திருக்கும்போது அடுத்த ரோபோட் வரைக்கும்தான் என்றார். சரி, கொக்கியையாவது நான் மாட்டுகிறேன் என்று எடுத்தேன். வலப்பக்கமாகத் திருகினேன். பிடிக்கவில்லை. மறை போய்விட்டதோ என்று பயந்து, துடைத்து, ஊதி, மறுபடி திருகினேன். தம்பி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு விரலை இடப்பக்கம் சுழற்றிக் காட்டினார். இந்தக் காரில் மறை தலைகீழ். இடது பக்கம் திருகினால்தான் இறுகும்.

பிறகு நடந்ததைத்தான் நான் வெகுநேரம் ரசித்தேன். தளத்தைச் சரித்து இறக்கியும் சரிவு செங்குத்தாக இருந்தது. நேராக இழுத்தால் சக்கரம் ஏறும் முன்னே பம்பர் இடிக்கும். கேபினுக்குப் பின்னாலிருந்து இரண்டு நீளமான கனத்த பலகைகளை எடுத்து, சரிவின் நுனியில் ஒன்று இங்கே ஒன்று அங்கே, சக்கரத்துக்கு நேராக வைத்தார். என்னை உள்ளே உட்காரவைத்து, ஸ்டீயரிங் பூட்டை விடுவித்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கச் சொன்னார். லாரியின் இழுத்துச் சுருட்டும் வின்ச் கயிறு கொக்கியில் மட்டும். சஸ்பென்ஷன் கம்பி எதிலும் மாட்டவில்லை. ஓர் அடி இழுப்பார், நிறுத்துவார், போய்ப் படுத்துப் பார்ப்பார். மறுபடி ஓர் அடி. முன் பம்பருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. முன்பக்கம் மேலே போனதும் பின்பக்கம் ஓடிப் பார்த்தார், அங்கேயும் இரண்டு விரல். நான் உள்ளே வானத்தைப் பார்த்தபடி மல்லாந்திருந்தேன். மேலே ஏறியதும் கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நாலு டயருக்கும் மேலே பட்டைகளைப் போட்டு இறுக்கினார். ரிம்மின் துளைகளில் எதையும் நுழைக்கவில்லை.

"ஒர்க்‌ஷாப் எங்க?" என்றார்.

"கோயிலுக்கு" என்றார் ஆயா.

அங்கிள் தன் பாக்கியில் பாத்திரத்தை ஏற்றிக்கொள்கிறேன் என்று சொன்னதை ஆயா காதில் வாங்கவே இல்லை. லாரி கேபினின் உயரமான சீட்டில், யார் கையையும் பிடிக்காமல், கம்பியைப் பிடித்துத் தானே ஏறி உட்கார்ந்தார். கூழ்ப் பாத்திரம் அவருடைய காலுக்கு நடுவே. எனக்கு அங்கிளின் பாக்கி.

கோயில் வாசலில் ரோல்பேக் திரும்பியபோது மேளக்காரர்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். மேலே சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார், கீழே கண்ணாடி வழியாக ராணி மாதிரி ஆயா. "இந்த வருஷம் தேர் இப்படியா?" என்று ஒரு பையன் கேட்டது எனக்குக் கேட்டது. தம்பி இரண்டு சொம்பு கூழ் குடித்தார், மூன்றாவதை பாட்டிலில் வாங்கிக்கொண்டார். கோயில் வழியாகச் சுற்றி வந்ததற்குத் தனிக் கட்டணம் எதுவும் போடவில்லை.

ஆல்டர்னேட்டர் மாற்றியாயிற்று. கார்ப்பெட்டின் வாசனை இன்னும் போகவில்லை. இந்த வருடம் ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஆயா வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். கூழுக்கு வண்டி தயாராக இருக்கிறது, பேட்டரி கூடப் புதுசு என்றேன்.

"உன் காரு வேண்டாம் தம்பி" என்றார். "அந்த லாரிக்காரத் தம்பி நம்பர் இருக்கா?"