சோறு ஊட்டுகிற நேரம்

"சிஸ்டர், பாப்பா எதுவுமே சாப்பிட மாட்டேங்குறா."

கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து 23 வருடம் ஆகிறது. புதன்கிழமை ஊசி நாள்களில் நான் அதிகம் கேட்டது இந்த வாக்கியத்தைத்தான். காய்ச்சல், பேதி என்று வருகிறவர்கள்கூட மருந்தை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது இதையும் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆரம்ப வருடங்களில் என்னிடம் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. குழந்தையைத் தராசில் மாட்டுவேன், வளர்ச்சி அட்டையில் எடைக்கு ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி பச்சையில் விழுந்தால் "நல்லாத்தான் இருக்கா, போம்மா" என்பேன். மஞ்சளில் விழுந்தால் சத்துமாவைப் பற்றிப் பேசுவேன். ஆரஞ்சு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவேன்.

அப்படி வந்ததுதான் அந்த ஒன்பது மாதப் பெண் குழந்தை. பிறந்தபோது 2.7 கிலோ, ஆறாம் மாதம் 6.8, அன்றைக்கு 7.5. எல்லாப் புள்ளியும் பச்சைக்குள், ஒரே சீராக ஏறியிருந்தன. அட்டையைக் காட்டினேன். தாய் அட்டையைப் பார்க்கவில்லை. அடுத்து தராசில் தொங்கிய பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தம்பிக்கும் ஒம்போது மாசந்தானாம் சிஸ்டர். ஒம்போது கிலோ இருக்கான்."

பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரட்டிப்பாகும், ஒரு வருடத்தில் மூன்று மடங்காகும் என்று சொன்னேன். முதல் மாதங்களில் அரைக் கிலோவுக்கு மேல் ஏறிய குழந்தை ஒன்பதாம் மாதத்தில் 200, 250 கிராம்தான் ஏறும். அது உடம்பின் கணக்கு. ஆனால் வேகம் குறைகிற அதே சமயத்தில்தான் நாமும் சோறு ஊட்ட ஆரம்பிக்கிறோம். அதனால் பழி சோற்றின் மேல் விழுகிறது, சோறு ஊட்டுகிற தாய்மேல் விழுகிறது. இந்த அட்டைக் கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவை. ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டார்கள். அதில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாத கோடு இல்லை என்றும் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை.

மறுநாள் அதே தெருவில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போனபோது அந்த வீட்டிலிருந்து குழந்தை வீறிடுகிற சத்தம் கேட்டது. உள்ளே போனேன். மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் கால்மேல் மல்லாக்கப் போட்டிருந்தார். ஒரு கையால் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து, மறு கையால் பாலாடையில் கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தார். தாய் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தாள். பக்கத்தில் செல்போனில் ஏதோ பாட்டு ஓடியது. குழந்தை அதைப் பார்க்கவில்லை. அதன் கண் பாலாடையின் மூக்கையே பார்த்தது. பாலாடை கிட்டே வர வர உடம்பு விறைத்தது. ஒரு மடக்கு புரை ஏறி, மூக்கு வழியாகக் கஞ்சி வந்தது.

"காலையிலேர்ந்து என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டேன். ஆறரை மணிக்குத் தாய்ப்பால். ஏழரைக்குப் பசும்பாலில் ஊறிய பிஸ்கட் நாலு. ஒன்பதுக்கு மறுபடி தாய்ப்பால். பத்து மணிக்குப் பருப்புத் தண்ணி. இப்போது பதினொன்றுக்குக் கஞ்சி. ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி என்று குழந்தையின் வயிற்றைக் கணக்குப் போடுவார்கள். ஏழரைக் கிலோப் பிள்ளைக்கு அது 225 மில்லி, நம் வீட்டு டம்ளர் ஒன்று. ரொம்பிய டம்ளரில் எதை ஊற்றினாலும் வெளியேதான் வழியும்.

"ரெண்டு தரம் தொக்கம் எடுத்தாச்சு நர்சம்மா, அப்பவும் எறங்க மாட்டேங்குது" என்றார் மாமியார். எனக்குச் சுருக்கென்றது. தொக்கம் எடுப்பது, அதாவது தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அதை எடுக்கப் பார்ப்பது, குழந்தையின் தொண்டைக்கு ஆபத்து, அதை எல்லா வீட்டிலும் சொல்கிறேன். ஆனால் தொக்கம் எடுக்கிற பாட்டி இவர்களை உட்கார வைத்து அரை மணி நேரம் கேட்டிருப்பாள். நான் இரண்டு நிமிடத்தில் அட்டையைக் காட்டி அனுப்பியிருந்தேன்.

அன்று கஞ்சியை எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஒன்றுமே கொடுக்க வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டு வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, பாப்பாவைத் தரையில் உட்கார வைத்து, முன்னால் ஒரு தட்டில் பாதி இட்லி, கொஞ்சம் பருப்புச் சோறு வைத்தோம். முதலில் இட்லியைக் கசக்கினாள். விரலிடுக்கில் பிதுங்கியதைப் பார்த்தாள். தொடையில் தேய்த்தாள். "எல்லாம் வீணாப் போவுதே" என்று மாமியார் கையை நீட்ட, "சும்மா இருங்கம்மா, சித்த நேரம்" என்றேன். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். ஒட்டியிருந்த இட்லியோடு கட்டை விரல் வாய்க்குப் போனது. பிறகு மறுபடியும். பிறகு தாயின் கையைப் பிடித்து இழுத்து, அவள் விரலில் இருந்த சோற்றை நக்கினாள். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பருப்புத் தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. பருப்பை இறுத்துவிட்டுத் தண்ணியைக் கொடுத்தால் சத்து பாத்திரத்திலேயே நின்றுவிடுகிறது. பருப்பைச் சோற்றோடு மசித்து, ஒரு சொட்டு நெய் விட வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம். இதைச் சொல்லாத நாளே எனக்கு இல்லை.

இன்னொரு குழந்தையைப் பற்றி எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.

கொழுகொழுவென்று ஒரு பையன். தெருவே தூக்கிக் கொஞ்சும். பத்து மாதம் முடிந்திருந்தது. எடை பச்சையில் நல்ல உயரத்தில். அவன் தாய் சொன்னாள்: "சோறே தொட மாட்டேங்குறான் சிஸ்டர், பால் மட்டுந்தான். உட்கார வச்சா சாஞ்சுடுறான்." நான் சிரித்துக்கொண்டே, "குண்டுப் புள்ளம்மா, மெதுவாத்தான் உட்காருவான்" என்றேன். அடுத்த மாதமும் வந்து அதையே சொன்னாள். அப்போதும் புள்ளியைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை அவளாகவே டாக்டரிடம் போனாள். டாக்டர் அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. கடுமையான ரத்தசோகை. ஆறாம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் பசும்பால் குடித்திருக்கிறான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றையும் அடைத்துவிடும். எடை மட்டும் ஏறும்.

பிடிமானமில்லாமல் உட்காருவது ஒன்பதே கால் மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடும். தனியாக நடப்பதற்கு எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை கால இடைவெளி உண்டு. தவழாமலேயே நடக்கிற குழந்தைகளும் உண்டு. இவ்வளவும் எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தவை. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள்கூடக் குழந்தை தளர்நடை போட்டு வருகிற வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாம் மாதத்தில் வைத்து, அதற்கு முன் செங்கீரை, சப்பாணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் குறித்தார்கள். எந்த மாதத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தும் நான் பார்க்காமல் விட்டேன். இரும்புச்சத்து மருந்து, பாலைக் குறைத்து முட்டை, கீரை, ஈரல், கூடவே மாவட்ட மையத்தில் உடற்பயிற்சி என்று அவனைத் தேற்றினார்கள். ரத்தசோகை மட்டும்தான் காரணமா என்பதை டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. 19 மாதத்தில் நடந்தான். அவன் தாய் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறாள். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

இரண்டு தாய்களும் சொன்னது ஒரே வார்த்தை, சாப்பிட மாட்டேங்குது. ஒருத்தியின் பிள்ளைக்குப் பசிக்க விடவில்லை. இன்னொருத்தியின் பிள்ளைக்கு நிஜமாகவே நோய். தராசு இரண்டு பேரையும் பச்சை என்றது.

அதற்குப் பிறகு என் வேலையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். இப்போது "சாப்பிட மாட்டேங்குறா" என்று யார் சொன்னாலும் எடை போட்டு, உள்ளங்கையை விரித்துப் பார்த்து, தரையில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்கிறேன்: "நாளைக்கு எத்தனை மணிக்கும்மா சோறு ஊட்டுவ?" டைரியில் எடைக்குப் பக்கத்தில் அந்த நேரத்தை எழுதிக்கொள்கிறேன். நாளைய பக்கத்தில் மூன்று வீடு இருக்கிறது. எட்டரை, பத்து, பன்னிரண்டே கால்.