சோகோலஃபும் 45 நிமிடக் கணக்கும்

சும்மா படுத்திருந்தாலும் மனக்கணக்குப் போட்டாலும் மூளை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மாறுவதில்லை. லூயிஸ் சோகோலஃப் குழு 1955-இல் வெளியிட்ட முடிவு இது. அளந்ததில் பிழை இல்லை. முழு மூளைக்கும் சேர்த்து ஒரே எண்ணை எடுத்ததுதான் சிக்கல்.

சோகோலஃப் ஃபிலடெல்ஃபியாக்காரர். மனநல மருத்துவம் பார்த்துவிட்டு 1949-இல், மூளை ரத்த ஓட்டத்தை அளந்துவந்த சீமோர் கெட்டியிடம் ஆய்வுக்குச் சேர்ந்தவர். 1953 முதல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனத்தில். கெட்டியின் முறையில், 15% நைட்ரஸ் ஆக்சைடு கலந்த காற்றை 10 நிமிடம் சுவாசிக்க வைத்து, தமனியிலும் கழுத்துச் சிரையின் மேல்முனையிலும் அடுத்தடுத்து ரத்தம் எடுப்பார்கள். வாயு மூளையில் நிரம்பும் வேகத்திலிருந்து ரத்த ஓட்டம் தெரியும்: 100 கிராமுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 54 மில்லி. அதைத் தமனி-சிரை ஆக்சிஜன் வித்தியாசத்தோடு பெருக்கினால் செலவு, சுமார் 3.5 மில்லி. ஊசிமுனை கீழே இறங்கி முகத்து ரத்தம் கலந்தால் எல்லாம் போச்சு. மனச்சிதைவு நோயாளிகளிடமும், மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டி மருந்து கொடுக்கப்பட்டவர்களிடமும்கூட அதே 3.5-தான் வந்தது.

முதுமை ஆய்வில் மட்டும் இந்த மொத்தக் கணக்கு நன்றாகவே உதவியது. 65 வயதைக் கடந்த 47 ஆண்களைச் சேர்த்துக்கொண்டு, நோயற்றவர்களையும் அறிகுறி காட்டாத நோய் உள்ளவர்களையும் பிரித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 1963-இல் வந்தன. நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் ரத்த ஓட்டமும் ஆக்சிஜன் செலவும் இளைஞர்களைப் போலவே இருந்தன. குறைவு தெரிந்தது ரத்தக்குழாய் கெட்டிப்பட்டவர்களிடம்தான். பிரிக்காமல் சராசரி எடுத்திருந்தால் பழியை வயதின் தலையில் கட்டியிருப்பார்கள். அதை எழுதிய குழுவில் மும்பை நரம்பு நோயியலாளர் தராப் தஸ்தூரும் இருந்தார்.

இடம் இடமாக அளக்கும் வழி 1977-இல் முழு வடிவம் பெற்றது. டீஆக்சிகுளுக்கோஸ் என்பது இரண்டாம் கார்பனில் ஆக்சிஜன் இல்லாத குளுக்கோஸ். செல்லுக்குள் போகும், ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதற்குப் பாஸ்பேட் மாட்டும், அதற்கப்பால் நகராது. அதில் கதிரியக்கக் கார்பன்-14 ஏற்றி, எலிக்குக் கிலோவுக்கு 125 மைக்ரோகியூரி (கதிரியக்க அளவு) சிரை வழியே செலுத்துவார்கள். தமனி ரத்தத்தை முதலில் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் எடுப்பார்கள். 45-ஆம் நிமிடம் மூளையை எடுத்து, மைனஸ் 40-50 டிகிரி ஐசோபென்டேன் திரவத்தில் உறைய வைத்து, 20 மைக்ரான் துண்டுகளாகச் சீவி எக்ஸ்-ரே ஃபிலிமில் பதிப்பார்கள்.

ஏன் 45? சீக்கிரம் நிறுத்தினால் பாஸ்பேட் ஏறாத சர்க்கரை திசுவில் மிதக்கும், படம் வெறும் ரத்த வரத்தைக் காட்டும். நீட்டினால் பாஸ்பேட் கழன்று கணக்கு குறையும். எடுத்த ரத்தத்தை உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால் ரத்தச் செல்களே குளுக்கோஸைத் தின்றுவிடும். துண்டு உருகினால் நீரில் கரையும் பொருள் பரவி எல்லைகள் மங்கும். ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினால், இரண்டு சர்க்கரைகளையும் ஒப்பிடும் ‘லம்ப்டு கான்ஸ்டன்ட்’ (எலிக்கு 0.483) செல்லாது. மருந்து ஆய்வுகளில் நான் முதலில் தேடுவது எலியின் உடல் வெப்பம். மயக்கும் மருந்து உடலைக் குளிர வைக்கும், குளிர்ந்த மூளை குறைவாகச் செலவழிக்கும்; அதை மருந்தின் நேரடி வேலை என்று எழுதிவிடுவது சுலபம்.

மனநல மருந்துகளின் தடம் இந்த ஃபிலிமில்தான் இடவாரியாகத் தெரிந்தது. நரம்புச் செய்தி கடத்தும் டோபமைனைத் தடுக்கும் ஹாலோபெரிடால் பக்க ஹெபனுலா என்ற சிறு முடிச்சில் குளுக்கோஸ் செலவை ஏற்றியது. டோபமைனைக் கூட்டும் ஆம்ஃபெட்டமைன் அதே இடத்தில் இறக்கியது. முழு மூளைச் சராசரியில் இந்த முடிச்சு இருக்கிற இடமே தெரியாது.

மனிதருக்குக் கார்பன்-14 ஆகாது, தலைக்கு வெளியிலிருந்து அளக்கவும் முடியாது. ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் அதே சர்க்கரையின் ஃப்ளோரின்-18 ஏற்றிய வடிவம் தயாரானது. 1976 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவுக்கு விமானத்தில் போய்ச் சேர்ந்தது. அரைவாழ்வு 110 நிமிடம் என்பதால் தாமதத்துக்கு இடமில்லை. இன்று இந்தச் சர்க்கரையை வைத்து எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு முன் பட்டினி இருக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு: ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால், செல்லுக்குள் நுழைய ஏற்றிய சர்க்கரை அதோடு போட்டி போடவேண்டும்.

படம் படிப்பவர்களுக்கு ஒன்று. எலியின் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பைத் தூண்டியபோது செலவு ஏறியது தண்டுவடத்தில் அந்த நரம்பு முடியும் பின்பகுதியில் (பின்கொம்பு). அதன் செல் உடல்கள் இருக்கும் முடிச்சில் ஏறவில்லை. ஆகவே மருந்து கொடுத்தபின் ஹெபனுலா ஒளிர்ந்தால், அந்த மருந்து அங்கே ஒட்டியது என்று அர்த்தமல்ல. வேறெங்கோ இருக்கும் செல் அங்கே அனுப்பும் நரம்பு முனைகள் வேலை செய்திருக்கலாம்.