கேஸ் கீசர் அடிக்கடி அணையுதா? பேட்டரிய வுடுங்க, தண்ணியப் பாருங்க

சென்னைல எதுக்குப்பா கீசர்னு சிரிக்கிறவங்க யாரும் மார்கழி மாசம் விடியக்காலைல மொட்டை மாடி தொட்டித் தண்ணிய அப்படியே தலையில ஊத்திப் பாத்திருக்க மாட்டாங்க. வெளிய என்னமோ 20, 21 டிகிரி தான் இருக்கும், ஊட்டிக்காரன் கேட்டா கேலி பண்ணுவான், ஆனா முட்டி வலி இருக்குற எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு அதுவே அதிகம். எங்க பழைய வண்ணாரப்பேட்டை சந்துல நெறைய வீட்ல கேஸ் கீசர் தான். கரண்ட் கீசர் ஏன் போடலன்னா லைன் வீட்டு வயரிங் தாத்தா காலத்து வயரிங், 2000 வாட்ஸ் ஒண்ணு ஆன் பண்ணா பியூஸ் போயிடும், அதுக்கு மேல ஓனர் சப் மீட்டர் போட்டு அவர் இஷ்டத்துக்கு யூனிட் ரேட்டு சொல்லுவார்.

கேஸ் செலவு பத்தி நெறைய பேருக்கு பயம் இருக்கு, அதனால கணக்க சொல்லிடுறேன். 20 லிட்டர் பக்கெட் தண்ணிய 25 டிகிரில இருந்து 42 டிகிரிக்கு கொண்டு வர, கீசர் நல்ல கண்டிஷன்ல இருந்தா, தோராயமா 40 கிராம் கேஸ் ஆகும். அப்ப 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணுல 350 பக்கெட் வரும். உங்க வீட்ல இதுல பாதி கூட வரலன்னா கீசருக்குள்ள ஏதோ அடைச்சிருக்குன்னு அர்த்தம், கேஸ் ஏஜென்சிக்காரன் எடை கம்மியா குடுத்துட்டான்னு உடனே சண்டைக்கு போகாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க ஏரியால கீசர் ரிப்பேர்னு கூப்பிட்டா வர்ற ஆளு பாதிப் பேரு பண்றது ஒரே வேலை தான். பேட்டரி மாத்துவான், எரியலன்னா உள்ள இருக்குற சர்க்யூட் போர்டைக் காட்டி "போர்டு போச்சு சார்"னு சொல்லுவான், அதுவும் சரியா வரலன்னா புதுசு வாங்கிடுங்கன்னு அவனே ஒரு விசிட்டிங் கார்டு குடுப்பான். நான் கேள்விப்பட்ட வரைக்கும், எங்க சந்துல போன கீசர்ல பெரும்பாலும் கேஸ் பக்கமோ கரண்ட் பக்கமோ பிரச்சனையே இல்ல, எல்லாம் தண்ணி பக்கம் தான். நம்ம ஊரு தண்ணி அப்படி. போர் தண்ணி உப்பு, கடல் பக்கத்துல இருக்கு, காசிமேடு பக்கம் போனா இன்னும் மோசம். மெட்ரோ வாட்டர் வந்தா பரவால்ல, ஆனா எல்லாரும் சம்ப்ல ரெண்டையும் கலந்து தான மோட்டார் போட்டு மேல ஏத்துறோம்.

உள்ள என்ன நடக்குதுன்னு ஒருக்கா தெரிஞ்சுக்கிட்டா யாரும் உங்கள ஏமாத்த முடியாது. பைப்ப தொறந்தா தண்ணி கீசருக்குள்ள ஓடும். அடியில பித்தளைல ஒரு வால்வு இருக்கும், அதுக்குள்ள ரப்பர்ல ஒரு வட்டம், டயாபிரம்னு பேரு. தண்ணி ஓடுனா அந்த ரப்பருக்கு ஒரு பக்கம் பிரஷர் கூடி இன்னொரு பக்கம் குறையும், ரப்பர் உப்பிக்கிட்டு ஒரு சின்ன பின்ன தள்ளும், அந்தப் பின் போய் கேஸ் வால்வையும் தொறக்கும், பக்கத்துல இருக்குற மைக்ரோ சுவிட்சையும் ஆன் பண்ணும். சுவிட்ச் ஆன் ஆனா தான் ரெண்டு கட்டை பேட்டரியோட 3 வோல்ட் போர்டுக்கு போய் டிக் டிக் டிக்னு ஸ்பார்க் அடிக்கும், சொலினாய்டு, அதாவது கரண்ட்ல தொறக்குற இன்னொரு வால்வு, தொறந்து கேஸ் வுடும். பத்திக்கிச்சுன்னா சென்சார் கம்பி ஒண்ணு தீயைத் தொட்டுக்கிட்டு நிக்கும், தீ வழியா கொஞ்சூண்டு கரண்ட் போகும், அது போகலன்னா தீ இல்லன்னு நெனச்சு போர்டு கேஸ மூடிடும். அவ்ளோ தான் மெஷின்.

அதனால டிக் டிக் சத்தமே வரலன்னா பேட்டரிய மாத்திப் பாருங்க, வேணாங்கல. புது பேட்டரி போட்டும் வரலன்னா அடுத்து போர்டு கிடையாது. கவர கழட்டிட்டு மைக்ரோ சுவிட்ச் தகட்ட விரலால லேசா அசைச்சுப் பாருங்க, கேஸ் ரெகுலேட்டர் மூடியிருக்கணும் இதுக்கு. சுவிட்ச் ஆன் ஆகி ஸ்பார்க் அடிச்சா போர்டு, பேட்டரி, வயர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பின் தான் வெளிய வரல, அதாவது தண்ணி தள்ளல. இந்த ஒரு டெஸ்ட்ட தெரிஞ்சு வச்சுக்கிட்டா போர்டு காசு மிச்சம்.

இத எனக்கு சொல்லிக் குடுத்தது மிண்ட் பக்கம் ஸ்டவ் ரிப்பேர் கடை வச்சிருக்குற பாய். எங்க வீட்டு கீசர கழட்டி அவர் கடைக்கு தூக்கிட்டுப் போனேன், அவர் பேட்டரி பக்கமே பாக்கல. மொதல்ல தண்ணி வர்ற எடத்துல இருக்குற சின்ன வலைய உருவுனாரு, அதுல கடுகு சைஸ்ல மண்ணும் பச்சை பாசியும். "இத்த மாசாமாசம் கழுவுனா நீ என்ன தேடியே வரமாட்ட தம்பி"ன்னு சொல்லிட்டு பித்தளை வால்வோட ஸ்க்ரூவ கழட்ட ஆரம்பிச்சாரு. ஸ்க்ரூ எல்லாம் உப்புக் காத்துல துரு புடிச்சு இறுகிக் கெடந்துச்சு, மண்ணெண்ணெய் வுட்டு கொஞ்ச நேரம் ஊறவச்சு, ஒண்ணு வுட்டு ஒண்ணு குறுக்கால குறுக்கால தளத்துனாரு. உள்ள இருந்த டயாபிரம் பாக்க நல்லா தான் இருந்துச்சு. பாய் அத வெளிச்சத்துல புடிச்சு ரெண்டு கட்டை வெரலாலயும் நடுவுல இழுத்துக் காட்டுனாரு, மடிப்பு ஓரமா ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிஞ்சுச்சு. "இன்னா தெரிதா? இந்த ஓட்டைல ரெண்டு பக்கமும் பிரஷர் சமமாயிடும், அப்பால எவன் வந்து பின்ன தள்றது."

புது ரப்பர் பாரிஸ் கார்னர்ல ஸ்டவ் ஸ்பேர் விக்கிற கடைங்கள்ல கெடைக்கும், பழச கையில எடுத்துட்டுப் போங்க, சைஸ் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அரை மில்லி வித்தியாசம்னாலும் ஒழுகும். மாத்தும்போது பின்ன வெளிய எடுத்து தொடச்சு தண்ணில கரையாத சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்க. இது முக்கியம். பின் ஒட்டிக்கிச்சுன்னா ரெண்டு விதமா மாட்டும், வெளிய வராம போனா எரியாது, உள்ள திரும்பாம போனா பைப்ப மூடின அப்புறமும் எரியும், ரெண்டாவது தான் பயங்கரம், தீக்கு மேல தண்ணி ஓடுற செம்புக் குழாய், அதான் காயில், அதுல தண்ணி நின்னு கொதிச்சு ஆவியா அடிக்கும். பைப்ப மூடியும் புஸ்னு தீ எரியுற சத்தம் கேட்டா கேஸ மூடிட்டு அன்னிக்கே ரிப்பேர் பண்ணுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு வுடாதீங்க.

அடுத்தது உப்பு. செம்பு காயில் உள்ள வெள்ளையா சுண்ணாம்பு படியும், டீக்கடை பாய்லர் உள்ள பாத்திருப்பீங்களே அதே தான். மொதல்ல தண்ணி சூடு கம்மியாகும், அப்புறம் தண்ணி வர்றதே கம்மியாகும், அப்புறம் பிரஷர் பத்தாம கீசரே அணையும். சில பேரு இதுக்கு பாத்ரூம் கழுவுற ஆசிட்ட ஊத்துறாங்க, தயவு செஞ்சு வேணாம், செம்பையும் பத்தவச்ச ஜாயின்டையும் அரிச்சுடும், புகையும் நெஞ்ச அடைக்கும். எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையிலயே கெடைக்குது. லிட்டருக்கு 50 கிராம் போட்டு வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு, காயில தனியா கழட்டி ஒரு டியூப் மாட்டி மெதுவா ஊத்துனா இன்னொரு பக்கம் நுரை நுரையா வரும். நுரை அடங்குற வரைக்கும் வச்சிருந்து திரும்ப புதுசா ஊத்தணும். எங்க காயில்ல இருந்து மொதல்ல வந்தது காவி கலர்ல கொழகொழன்னு, அப்புறம் முட்டை ஓடு ஒடச்ச மாதிரி சில்லு சில்லா வந்துச்சு. கடைசில நெறைய நல்ல தண்ணி வுட்டு அலசணும்.

காயில் வெளியில இருக்குதே அந்த செம்புத் தகடு வரிசை, அதுல கரி அடைஞ்சிருந்தா அது வேற கதை, தண்ணி தப்பு இல்ல, தீ தப்பு. தீ நீலமா இருக்கணும். நுனி மஞ்சளா ஆடுச்சுன்னா காத்து பத்தல. பர்னர் வாய்ல சிலந்தி கூடு, கரப்பான் முட்டை, துணி தூசி இதெல்லாம் இருக்கும், பழைய டூத் பிரஷ் போதும். பர்னருக்கு கேஸ் வர்ற சின்ன ஜெட் ஓட்டைல மட்டும் ஊசி வுட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசானா கேஸ் அதிகமா வந்து மஞ்சள் தீ நிரந்தரமாயிடும். அதே மாதிரி ரெகுலேட்டர் வீட்டு ரெகுலேட்டர் தான் இருக்கணும், டிபன் கடை அடுப்புக்கு போடுற ஹை பிரஷர எவனாவது மாட்டிக் குடுத்தா அவன வீட்டுக்குள்ள வுடாதீங்க. பத்திக்கிட்டு நாலஞ்சு செகண்ட்ல அணையுதுன்னா சென்சார் கம்பில கரி, மெல்லிசா உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. கரெக்டா 20 நிமிஷத்துல அணையுதுன்னா அது ரிப்பேரே இல்ல, நெறைய மாடல்ல அப்படித்தான் டைமர் வச்சிருக்கான்.

மேல் மாடில இருக்குறவங்களுக்கு ஒரு விஷயம். கீழ் வீட்ல நல்லா எரியுற அதே கீசர் உங்க வீட்ல எரியாது, அதுக்கு மெக்கானிக் ஒண்ணும் பண்ண முடியாது. ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல குறைஞ்சபட்ச பிரஷர் 0.02, 0.025 எம்பிஏ (MPa, மெகா பாஸ்கல்)ன்னு போட்டிருப்பான், அதுக்கு அர்த்தம் தொட்டித் தண்ணி கீசருக்கு மேல ரெண்டு, ரெண்டரை மீட்டராவது இருக்கணும். தளத்து மேலயே தொட்டிய வச்சா அந்த ஒசரம் வராது. தொட்டி நெறஞ்சிருக்கும்போது எரிஞ்சு, பாதி காலியானா அணையுதுன்னா இதே பிரச்சனை தான். தொட்டிக்கு ஸ்டாண்டு போட்டு ஒசத்துங்க, இல்ல ஷவர கழட்டிட்டு பக்கெட்ல புடிச்சுக் குளிங்க.

மறுபடி மாட்டின அப்புறம் எல்லா ஜாயின்ட்லயும் சோப்பு நுரை தடவிப் பாக்கணும், தீக்குச்சி கொளுத்திப் பாக்குற வீரத்த யாரும் காட்ட வேணாம். டியூப் ஆரஞ்சு கலர் சுரக்ஷா டியூப் தான், 5 வருஷம் அதுக்கு ஆயுசு, தேதி அதுலயே அச்சடிச்சிருக்கும். கேஸ் வாசனை நிக்காம வந்தா ரெகுலேட்டர மூடி, லைட் சுவிட்ச தொடாம ஜன்னலத் தொறந்துட்டு, வெளிய வந்து 1906க்கு போன் போடுங்க.

சிலிண்டர் கேஸ் லீக் ஆனா மூக்குக்கு தெரியும், அதுக்குன்னே நாத்தத்த கலந்து குடுக்குறான். தெரியாதது, காத்து பத்தாம தீ எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடு. கலர் இல்ல, வாசனை இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தலை கனக்கும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும், கால் துவளும், கதவு வரைக்கும் போக தெம்பு இருக்காது. எங்க பக்கம் பாத்ரூம் நாலுக்கு அஞ்சு அடி, ஒசரம் எட்டு அடி. 6 லிட்டர் கீசர் ஃபுல்லா எரிஞ்சா பத்து நிமிஷத்துல அந்த ரூம் காத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல தின்னுடும், வென்டிலேட்டர்ல குளிர் வருதுன்னு பழைய பேனர் அடைச்சு வச்சிருந்தா சொல்லவே வேணாம். அதனால கீசர் பாத்ரூமுக்குள்ள இருக்கவே கூடாது, வெளிய நடையில, பால்கனில மாட்டி பைப் மட்டும் உள்ள வரணும். அது வரைக்கும் வேற வழியே இல்லன்னா கீசர எரிய வுட்டு, கதவத் தொறந்து வச்சு பக்கெட்ட நெரப்பிக்கிட்டு, அணைச்சுட்டு, காத்து மாறின அப்புறம் உள்ள போய் குளிங்க.

கீழ் வீட்டு அக்கா வீட்ல இன்னும் உள்ள தான் இருக்கு. எடுத்துடுங்கக்கான்னு சொன்னா ஓனரம்மா செவுத்துல ஓட்டை போட வுட மாட்டேங்குறாங்கன்னு சொன்னாங்க. நேர்ல போய் பேசினேன், "பெயிண்ட் அடிச்சு மாசம் கூட ஆவல, வூட்ட சல்லடையாக்கப் பாக்குறீங்களா"ன்னு ஆரம்பிச்சவங்க அவங்க பேத்தி அங்க தான் அடிக்கடி குளிக்கிறான்னு அக்கா சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க, ஆனா ஓட்டை ஒண்ணு தான்னு கண்டிஷன். ஒண்ணு போதும். சிலிண்டரும் கீசரும் நடையிலயே இருக்கும், சுடுதண்ணி பைப் மட்டும் தான் உள்ள வரணும். ஞாயித்துக்கிழமை ட்ரில்லிங் மெஷினோட பாய் பையன் வரான். பிளம்பர் சாதா வெள்ளை பிவிசி போதும்னு சொல்லியிருக்கான், அது சூட்டுல தளர்ந்து வளையும், சுடுதண்ணி தாங்குற சிபிவிசி தான் வாங்கணும்னு அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.