வெலோமொபைலுக்கு ஒரு கதவு

போன பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம், வேலை முடிந்து வீட்டு வாசல் வரை வந்தும் என் வெலோமொபைலுக்குள்ளிருந்து வெளியே வர முடியாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இடது முழங்கால் மடங்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பார்த்தேன், பாதி தூரம் எழுந்ததும் வலி தாங்கவில்லை. கடைசியில் மனைவி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "என்னங்க, இதை இன்னும் ஓட்டித்தான் ஆகணுமா?" என்று கேட்டாள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வண்டியை ஒன்றரை வருடம் பாடுபட்டு என் கையால் செய்திருந்தேன்.

வெலோமொபைல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. அதைச் சுற்றி ஒரு கூடு. கூடு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், மழையையும் தடுக்கும். நான் இருப்பது நெதர்லாந்தின் லெலிஸ்டாட்டில். கடலைத் தள்ளிவிட்டு உண்டாக்கிய மண், கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழே. மேடு பள்ளம் கிடையாது, ஆனால் தடுக்க ஒன்றுமில்லாத காற்று. இங்கே சாதாரண சைக்கிளில் எதிர்காற்றில் போவது மலை ஏறுவது மாதிரி. அதனால்தானோ என்னவோ, வெலோமொபைல் செய்பவர்கள் பலர் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நான் வேலைக்குப் போகும் ட்ரோன்டன் ஒரு சின்ன ஊர், வெலோமொபைல் உலகத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. பார்ட் வெர்ஹேஸ் வடிவமைத்த, அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்யும் 'ஆலெவேடர்' வண்டியை 1990களில் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் தொகுப்பாக விற்ற ஃப்ளெவோபைக் நிறுவனம் அங்கேதான். 'எல்லா வானிலைக்கும்' என்பதுதான் 'ஆலெவேடர்' என்ற பெயரின் பொருள்.

கடையில் புதிதாக வாங்க என்னிடம் பணம் இல்லை. பழைய மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கி, அலுமினியக் குழாயில் சட்டம் கட்டி, அதன் மேல் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் நெளித்தகடு போர்த்தினேன். இங்கே 'வீடு விற்பனைக்கு' என்று தோட்டத்தில் நட்டு வைப்பார்களே, அந்தப் போர்டு செய்யும் தகடு. இரண்டு மெல்லிய தாள், நடுவில் வரிசையாகக் குழல்கள். எடை குறைவு, கத்தியால் வெட்டலாம். பசை மட்டும் ஒட்டவே ஒட்டாது. பெரிய வாஷர் வைத்து ரிவெட் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் டை போட்டு இறுக்க வேண்டும்.

ஏறுவதற்கு மேலே ஒரு திறப்பு விட்டிருந்தேன், 70 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம். பக்கச் சுவரின் உயரம் 62 சென்டிமீட்டர். சுவரைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்து, அடுத்த காலையும் வைத்து, தொட்டியில் இறங்குவது போல மெல்ல உட்கார்ந்து, காலை முன்னால் நுழைக்க வேண்டும். நாற்பது வயதில் இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு இப்போது 57. இடது முழங்காலில் தேய்மானம். சைக்கிள் மிதிப்பது அந்த முழங்காலுக்கு நல்லதுதான், நிறுத்த வேண்டாம் என்று பிசியோதெரபி செய்பவர் தெளிவாகச் சொன்னார். தாழ்ந்த இடத்திலிருந்து மடங்கிய காலில் பாரம் போட்டு எழுவதைத்தான் அவர் தவிர்க்கச் சொன்னார். ஓட்டுவதில் சிக்கலே இல்லை, ஏறி இறங்குவதை மட்டும் சரிசெய்தால் போதும் என்று ஆனது.

முதலில் நான் எல்லாவற்றையும் தப்பாகவே யோசித்தேன். திறப்பு சின்னது, பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். டென்மார்க்கில் கார்ல் கியோர்க் ராஸ்முசென் செய்த 'லைட்ரா' வண்டியில் மொத்தக் கூடும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அதைப் பார்த்து மேல்மூடி முழுவதையும் மூக்குப் பக்கம் கீல் வைத்துத் திறப்பது போல மாற்றினேன். மூன்று வாரம் ஆனது. திறந்தால் பிரமாதமாக இருந்தது. நாலாவது நாள் அலுவலக வாசலில் திறந்து வைத்தபோது பக்கவாட்டில் ஒரு காற்று வந்து மூடியை முறுக்கிக் கீலைப் பிய்த்துவிட்டது. அதைவிட முக்கியமான விஷயம், மூடி திறந்த பிறகும் முழங்கால் வலி அப்படியேதான் இருந்தது. லைட்ராவில் கூடு போனதும் பக்கச் சுவரும் சேர்ந்து போய்விடுகிறது. என் வண்டியில் மூடிதான் போனது, சுவர் அங்கேயே நின்றது.

அப்புறம்தான் மகள் ஒரு யோசனை சொன்னாள். "அப்பா, நீங்க நாற்காலியிலிருந்து எழுவதையும் வண்டியிலிருந்து எழுவதையும் வீடியோ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்களேன்." எடுத்தாள், பார்த்தோம். சாப்பாட்டு மேசை நாற்காலியில் எழும்போது நான் யோசிக்காமலே இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன், உடம்பை முன்னால் சாய்க்கிறேன், எடை பாதத்துக்கு மேல் வந்ததும் எழுந்துவிடுகிறேன். வண்டியில் பாதம் எங்கே? ஒரு முழம் முன்னால். பின்னால் இழுக்க விடாமல் முன்சக்கரங்களை இணைக்கும் குறுக்குக் குழாய் நிற்கிறது. பாதம் உடம்புக்கு அடியில் வராததால் மொத்த எடையையும் கையும் மடங்கிய முழங்காலும் தூக்க வேண்டியிருக்கிறது.

திறப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது தீராது. பாதத்துக்கு ஓர் இடம் வேண்டும். அதுவும் தரையில், இருக்கைக்கு நேர் பக்கத்தில்.

இருக்கையை உயர்த்தினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் 7 சென்டிமீட்டர் நுரை வைத்துப் பார்த்தேன். எழுவது உண்மையிலேயே எளிதாகிவிட்டது. ஆனால் இங்கே ஊருக்குள் எங்கே பார்த்தாலும் ரவுண்டானா. முதல் ரவுண்டானாவிலேயே உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. அன்றே நுரையை எடுத்தேன். கடைசியில் 3 சென்டிமீட்டரோடு நின்றுகொண்டேன். தொய்ந்துபோன வலை இருக்கையைக் கழற்றிவிட்டுக் கெட்டியான நுரை இருக்கை போட்டதும் இன்னொரு 2 சென்டிமீட்டர் கிடைத்த மாதிரி ஆனது, உட்கார்ந்தால் அமுங்குவதில்லை.

கதவு எந்தப் பக்கம்? இதற்கு ஒரு வாரம் யோசித்தேன். வலி இடது காலில். முதலில் தரையைத் தொட்டு எடை வாங்கும் கால் நல்ல கால், அதாவது வலது காலாக இருக்க வேண்டும். இங்கே போக்குவரத்து வலது பக்கம் என்பதால், வலது கதவைத் திறந்தால் புல்தரைப் பக்கம் இறங்கலாம். இடது பக்கம் திறந்தால் பின்னால் வரும் சைக்கிள் மேல் இடிக்கும். ஆக வலது. முன் பல்சக்கரமும் வலது பக்கம்தான், ஆனால் அது காலுக்கு எட்டாத தூரத்தில் மூக்கில் இருக்கிறது. இருக்கைக்கு அடியில் சங்கிலி குழாய்க்குள் ஓடுகிறது, அதன் மேல் ஒரு தகடு போட்டு மூடினேன்.

ரம்பத்தைத் தொடும் முன் அட்டைப்பெட்டியில் செய்து பாருங்கள். நான் பக்கச் சுவரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அட்டையை டேப் போட்டு ஒட்டி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று வெட்டி வெட்டி உட்கார்ந்து எழுந்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஆரம்பித்து இருக்கையின் முதுகு வரை 48 சென்டிமீட்டர் நீளம் கிடைத்தது. மேலிருந்து கீழே, தரைக்கு 30 சென்டிமீட்டர் உயரம் இருக்கும் வரை வெட்டலாம். அதற்குக் கீழே உள்ள பகுதியைத் தொடக் கூடாது, சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் அதுதான் பிடித்து நிற்கிறது. அலுமினியக் கூட்டையே உடம்பாகக் கொண்ட வண்டி என்றால் இப்படிப் பக்கத்தில் வெட்டவே வெட்டாதீர்கள். அதில் தகடே சட்டம். என்னுடையதில் தகடு வெறும் போர்வை, அதனால் துணிந்தேன். அப்படியும் வெட்டிய பிறகு முதல் ஓட்டத்தில் மேல்கூடு முழுவதும் கிடுகிடுவென ஆடியது. கதவுச் சட்டத்தைச் சுற்றி 15 மில்லிமீட்டர் சதுரக் குழாயும், வாசற்படிக்கு அடியில் 25க்கு 25 அளவு அலுமினிய 'எல்' கோணமும் போட்ட பிறகுதான் அடங்கியது.

அடுத்து நடந்ததை வண்டி மாற்றும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கதவு தயாரானதும் உற்சாகமாக வெளியே காலை வைத்து, வாசற்படியில் கையை ஊன்றி எழுந்தேன். எதிர்ப்பக்கச் சக்கரம் மேலே போனது, வண்டி என் மேலேயே கவிழ்ந்தது. புல்தரை என்பதால் தோளில் சிராய்ப்போடு போயிற்று.

உட்கார்ந்து காகிதத்தில் வரைந்தபோது காரணம் புரிந்தது. முன்சக்கரங்களுக்கு நடுவே 72 சென்டிமீட்டர், அதாவது நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் 36. பின்னால் ஒரே சக்கரம். முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கும் பின்சக்கரத்தின் புள்ளிக்கும் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கு வெளியே எடை போனால் வண்டி கவிழும். கோடு பின்னால் போகப் போக உள்ளே ஒடுங்குகிறது. சக்கரங்களுக்கு இடையே முன்பின் தூரம் 120. நான் எழும் இடம் முன்அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால். அந்த இடத்தில் கோடு நடுவிலிருந்து 27 சென்டிமீட்டரில் இருக்கிறது. நான் கை ஊன்றிய வாசற்படி 30ல் இருந்தது. மூன்று சென்டிமீட்டர் வெளியே.

அதனால் வாசற்படியையே 6 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினேன். இப்போது அது 24ல் இருக்கிறது. இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. படி உள்ளே போனதால் வெளியே ஒரு குழிவு உண்டானது, பாதம் அந்தக் குழிவுக்குள் போய் இருக்கைக்கு இன்னும் நெருக்கமாக நிற்கிறது. நாற்காலியில் காலை இழுத்துக்கொள்வோமே, கிட்டத்தட்ட அதே நிலை. கைப்பிடியைப் படியில் வைக்கவில்லை. முன்சக்கர வளைவின் மேல், அச்சுக்கு நேர் மேலே ஒரு குழாயை வளைத்துப் பூட்டினேன். வண்டி மிக அகலமாக ஊன்றி நிற்கும் இடம் அது, முழு எடையையும் போட்டாலும் அசையாது.

கதவு தனித் தகடு. கீல் தனியாக வாங்கவில்லை. குழல்கள் மேலிருந்து கீழாக ஓடும்படி தகட்டை வைத்து, ஒரே ஒரு குழலின் ஒரு பக்கத் தாளை மட்டும் கத்தியால் கீறினால் மறுபக்கத் தாளே கீலாக மடங்கும். கீலை முன்பக்கம் வைத்தேன், ஓடும்போது காற்று கதவை மூடும் திசையில்தான் தள்ளும். ஆனால் குளிரில் இந்தப் பிளாஸ்டிக் விறைத்துவிடுகிறது. உறைபனி விழுந்த ஒரு காலையில் கீல் மேல்முனையில் விரிந்தது. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி உள்பக்கம் வைத்து ரிவெட் அடித்தேன், அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. தாழ்ப்பாளுக்கு இரண்டு காந்தமும் ஒரு வெல்க்ரோ பட்டையும். கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே கையால் திறக்க வேண்டும், கவிழ்ந்து கிடந்தாலும் யாராவது வந்து திறக்க முடிய வேண்டும். வெட்டிய விளிம்புகள் தொடையை அறுக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நுரை உறையைப் பிளந்து மாட்டினேன்.

இப்போது இறங்கும் வரிசை இப்படி: முதலில் பிரேக்கைப் பிடித்து, டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தைப் பிரேக் பிடியில் மாட்டிவிடுவேன். இதை மறந்தால் எழும்போது வண்டி நழுவி ஓடும், அதனால் கதவைத் திறக்கும் முன்பே இது. சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன், திரும்பியிருந்தால் டயரின் பின்பகுதி பாதம் வைக்கும் இடத்துக்குள் வந்துவிடும். ஸ்டியரிங் தண்டை முன்னால் தூக்கிக் கொக்கியில் மாட்டுவேன். கதவு. வலது கால் வெளியே. இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து, இடது தொடையைக் கையால் பிடித்துத் தூக்கி அந்தக் காலையும் வெளியே எடுப்பேன். இரண்டு பாதமும் தரையில், இடது கை கைப்பிடியில், நெஞ்சு முழங்காலுக்கு மேல் வரும்வரை சாய்ந்து, எழுவேன். வேகமாகச் செய்ய வேண்டியதில்லை, ஆனாலும் 15 நொடியில் முடிகிறது. ஏறுவதற்கு இதையே தலைகீழாக.

எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருக்கிறது. கதவின் இடுக்கு வழியாகக் காற்று வருகிறது, குளிர்காலத்தில் வலது இடுப்பில் ஜில்லென்று அடிக்கும். வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி தானாகவே வந்து, "நான் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அதில் ஏறியதே இல்லை, அந்தச் சுவரைத் தாண்டுவதே அவளுக்குப் பிடிக்காது. ரப்பர் வளையத்தை மாட்டிக் காட்டினேன். யார் உதவியும் இல்லாமல் உட்கார்ந்தாள், தெருமுனை வரை போனாள், திரும்பி வந்து தானே இறங்கினாள். கைப்பிடி இன்னும் கொஞ்சம் பின்னால் இருந்தால் அவளுக்கு எட்டும் என்றாள். பின்னால் கொண்டுவந்தால் அச்சுக்கோடு தவறும். அதனால் குழாயை அங்கேயே விட்டு, பிடியை மட்டும் 5 சென்டிமீட்டர் மேலே உயர்த்தலாமா என்று இந்த வாரம் அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.