உப்பு விழுந்த தேர்

"கூட்டத்துல இடிபட்டுப் பூப் பார்க்கணும்னா மே மாசம் வா. ஊரைப் பார்க்கணும்னா தேருக்கு வா." பெரியம்மா வருஷா வருஷம் போனில் சொல்வது இது. இந்தத் தடவைதான் ஊட்டிப் பக்கம் கிளம்ப முடிந்தது.

சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இதுதான் நடைமுறை. அரசுப் பேருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பர்லியார் தாண்டியதும் காற்று மாறியது. குன்னூருக்கு மேலே ஜகரண்டா மரங்களில் இலையே தெரியவில்லை, அத்தனையும் ஊதா.

பெரியம்மா வீடு கேத்தி பாலாடாவில். ஊட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் சுற்றுலாப் பயணிகள் அதிகம் இறங்காத ஊர். இறங்கினாலும் பள்ளத்தாக்கைப் பார்த்து "சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கு" என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சுவிட்சர்லாந்தில் இத்தனை கேரட் விளையுமா என்று தெரியவில்லை.

விடிவதற்கு முன்பே ஊர் விழித்துவிடுகிறது. தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் பிடுங்கிய கேரட், மூட்டை மூட்டையாகக் கழுவும் இடத்துக்கு வந்து இறங்குகிறது. பெரிய இரும்பு உருளைக்குள் கொட்டிச் சுற்றவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். உள்ளே போகும்போது மண்கட்டி மாதிரி இருந்தது, வெளியே வரும்போது கண் கூசும் ஆரஞ்சு நிறம். ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி, அப்புறம்தான் இனிப்பு. முன்பெல்லாம் ஓடையில் போட்டுக் காலால் மிதித்துத்தான் கழுவினார்களாம். "காலு மரத்துப் போயிரும் கண்ணு" என்றார் பெரியம்மா. வெயில் ஏறுவதற்குள் லாரிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புறப்பட்டுவிட்டன.

தேர் செவ்வாய்க்கிழமை. ஊட்டியில் சந்தை நாள் செவ்வாய்தான். மாரியம்மன் கோவிலும் மார்க்கெட்டை ஒட்டியே இருக்கிறது. உள்ளே மாரியம்மனும் காளியம்மனும் ஒரே பீடத்தில் அக்கா தங்கை போல உட்கார்ந்திருக்கிறார்கள். திருவிழா ஒரு மாதத்துக்கும் மேல் நடக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தாரின் உபயம். அதனால் ஊரில் யாரைக் கேட்டாலும் "எங்க உபயம் போன வாரம் முடிஞ்சது", "எங்களோடது நாளைக்கு" என்றுதான் பேச்சு.

தேர் மீது உப்பு வீசுவது இங்கே வழக்கம். பெரியம்மா உப்பு எடுத்துக்கச் சொன்னார். நானும் சமையலறையில் கண்ணில் பட்ட பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மெயின் பஜார் பக்கம் நின்றோம். கடை மாடிகளில் எல்லாம் தலைகள். தூரத்தில் மேளம் கேட்டது, தேர் முனை திரும்பியது. சட்டென்று நாலா பக்கமும் உப்பு பறக்க ஆரம்பித்தது. கல் உப்பு தேரில் பட்டுத் தெறிக்கும் சத்தம், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல. நானும் பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிடி அள்ளி வீசினேன். அது தூள் உப்பு. எதிர்க்காற்று மொத்தத்தையும் என் முகத்துக்கே திருப்பி அனுப்பியது. கண்ணைத் திறக்க முடியாமல் நான் தவிக்க, "தூள் உப்பையா எடுத்துட்டு வந்தே!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்தில் வெள்ளை முண்டு உடுத்தி, தலையிலும் வெள்ளைத் துணி கட்டிய, நீலகிரியின் படகர் சமூகத்துப் பாட்டி ஒருவர் நின்றிருந்தார். சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முகம் கழுவி முடித்ததும், தன் துணிப்பையிலிருந்து ஒரு பிடி கல் உப்பை என் கையில் வைத்தார். "இப்ப போடு தம்பி." போட்டேன். இந்தத் தடவை தேரில் விழுந்தது.

எதற்காக உப்பு என்று கேட்டேன். "உப்பு கரையற மாதிரி நோய் நொடி கரையணும்னுதான்" என்றார். மலையில் உப்பு விளையாது, கீழேயிருந்து சுமந்துதான் வர வேண்டும். இந்த மலை மக்களான படகர்களும் தோடர்களும் தங்கள் மாடு, எருமைகளுக்கு உப்பு கொடுப்பதையே ஒரு சடங்காக வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு பிடியை முன்பின் தெரியாத எனக்கு அள்ளிக் கொடுத்தவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தேர் போன பிறகு கூட்டம் கலைந்தது. வர்க்கி வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டு, பாலாடா பஸ்ஸுக்கு நடந்தோம். லேசாகப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தார்ச்சாலை முழுக்க உப்பு மினுங்கியது. நடுவே ஒரு மட்டக்குதிரை நின்று, ஹாரன் அடித்த ஆட்டோவைச் சட்டையே செய்யாமல், நிதானமாகச் சாலையை நக்கிக்கொண்டிருந்தது.