எந்த நோட்டில் கோடு போடுவது?

தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒரு சார்ட் இருந்தது. 'தலைவருக்கான 10 பண்புகள்'. மதுரைக்கு வடக்கே மகளிர் குழு ஊக்குநர்களைக் கூட்டி, சார்ட்டை ஆணியில் மாட்டி, ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வேன். மதியம் தக்காளி சாதம், சாயங்காலம் சான்றிதழ். அந்தப் பத்தில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை.

நினைவில் நிற்பது 2009 அக்டோபர் 2 கிராம சபை. ஊர் மந்தையில் பந்தல். பெண்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது என்று கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். என் பயிற்சியில் வாயே திறக்காத ஒரு ஊக்குநர் அக்கா அன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தார். தீர்மானப் புத்தகம் வந்தது. கடைசித் தீர்மானத்துக்குக் கீழே முக்கால் பக்கம் காலி. கையெழுத்தை அடுத்த பக்கத்தில் போடச் சொன்னார்கள். அக்கா பேனாவை வாங்கி, பிறகு யாரும் எதையும் சேர்த்து எழுத முடியாதபடி காலியிடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, அதை ஒட்டியே கையெழுத்துப் போட்டார்.

"குழு நோட்டுல இப்படித்தான் போடுவோம்."

அவ்வளவுதான். சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. அடுத்த சபையில் நாலைந்து பெண்கள் கோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேனாவைத் தொட்டார்கள். நான் சார்ட்டைச் சுருட்டி பரணில் போட்டேன். அப்புறம் பயிற்சி என்றால் ஊராட்சி வரவு செலவை வாசிப்பதுதான்.

2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டானது. திருப்பாலை, வண்டியூர் மாதிரி சுற்றியிருந்த ஊராட்சிகள் உள்ளே வந்தன. அக்கா ஊரும் வந்தது. நிலத்துக்கு விலை ஏறியதில் சிலருக்குச் சந்தோஷம். நூறு நாள் வேலை நின்றதில் பலருக்கு வயிற்றெரிச்சல். ஊராட்சியோடு கிராம சபையும் சேர்ந்தே போனதை யாரும் பேசவில்லை. இதே வேலையாகத் திரிந்த எனக்கே உறைக்கவில்லை. அக்காதான் அலுவலகம் தேடி வந்து கேட்டார்: "தம்பி, இனி எந்த நோட்டுல கோடு போடுறது?"

பதில் சொல்லத் தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலமும் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் சாக்கடை பொங்கினால் மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். மனுவின் நகலில் சீல் வாங்கி, தேதியைப் பழைய சேமிப்பு நோட்டின் பின்பக்கத்தில் அக்கா குறித்து வைப்பார். கூடவே போனது, ஊர்க்காரர்கள் 'வாடகைக்கு வந்தவங்க' என்று ஒதுக்கிவைத்திருந்த வீட்டுப் பெண் ஒருத்தி. தையல் வேலை, கையில் போன். மனுவைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். எங்கள் பயிற்சிப் பட்டியலில் அவள் பெயர் இருந்ததே இல்லை. ஊர்க் குழுவில் சேராதவர்களை நாங்கள் எண்ணுவதே கிடையாது.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினம். கிராம சபை மாதிரி நகரங்களிலும் பகுதி சபை என்று கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மைக், கையெழுத்துக்கு ஒரு தாள். தாள் அந்தப் பெண்ணிடம் வந்ததும் போனில் படம் எடுத்தாள்.

"கோடு போட்டியாடி?" என்றார் அக்கா.

"அதான் போட்டோ எடுத்துட்டேனேக்கா."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனாவுக்குக் கை நீட்டினார்.